மழை தொடங்கியதும் லேசர் பிரிண்ட் வெளிறுகிறது, தேய்த்தால் அழிகிறது: பவுடரா, பேப்பரா?

கடலோரக் கொமினிகேசன்

திருகோணமலையில் டச்பே பக்கம் சின்னதாக ஒரு கடை. போட்டோக் கொப்பி, பிரிண்ட், லேமினேட்டிங், ரீலோட். கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்றுதான் கடைக்குச் சோறு போடுகிறது. கச்சான் காற்று அடித்த மாதங்களில் அதில் ஒரு குறையும் இல்லை. வாடை திரும்பி மழை பிடித்ததிலிருந்து எழுத்து வெளிறுகிறது. ஒரே பக்கத்தில் மேலே கறுப்பு, நடுவில் சாம்பல், கீழே திட்டுத் திட்டாக. பெருவிரலால் தேய்த்தால் பவுடர் கையோடு வருகிறது. இது போதாதென்று ஒரு கறுப்புப் புள்ளி வேறு, பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி விட்டு விழுகிறது.

பவுடர் காட்ரிஜ் அண்மையில் ரீபில் செய்தது. செய்தவரைக் கேட்டால் பேப்பர் சரியில்லை என்கிறார். பேப்பர் தந்தவரைக் கேட்டால் பவுடர் சரியில்லை என்கிறார். நேற்று ஒருவர் பிறப்புச் சான்றிதழ்க் கொப்பியைக் கவுண்டரிலேயே விரித்து, விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்துக் காட்டிவிட்டுக் காசு தராமல் போய்விட்டார். லேசரின் சூடு குறைந்துவிட்டதா? அதை மாற்ற முடியுமா?

கின்னியாக்காரன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பவுடர்தான். மலிந்த பவுடரை அடைத்துத் தந்திருப்பார்கள். நான் இந்தத் தலையிடி வேண்டாம் என்று டாங்க் வைத்த இங்க் பிரிண்டருக்கு மாறிவிட்டேன். லேசர் என்றால் ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

கச்சேரிப் பக்கம்

நானா, அந்த இங்க் பிரிண்டில் எடுத்த கடிதங்கள் மழைக்குள் நனைந்து எங்கள் மேசைக்கு வரும்போது பார்க்க வேண்டும். பேனாவால் வைத்த கையொப்பம் மட்டும் தப்பியிருக்கும், மற்றதெல்லாம் கரைந்து வழிந்திருக்கும். கோப்பில் பல வருடம் கிடக்க வேண்டிய கடதாசி என்றால் நான் லேசர் பக்கம்தான்.

கின்னியாக்காரன்

பிக்மென்ட் இங்க் போட்டால் கரையாது. அக்காவுக்கு யாரோ தண்ணீரில் கரையும் டை இங்க் பிரிண்ட் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்குரூ டிரைவர்

இங்க் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கொமினிகேசன் தம்பி, முதல் விஷயம்: லேசருக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. அது சில மில்லிவாட் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளி. கடதாசியைத் தொடுவதே இல்லை. சூடு கடைசியில் வரும் பியூசரின் வேலை. பவுடரை உருக்கி அழுத்தி நாரோடு ஒட்டுவது அதுதான்.

கடதாசி உள்ளே போய் வெளியே வருவதற்குள் நடப்பது இவ்வளவு: காட்ரிஜ்ஜுக்குள் இருக்கும் ட்ரம் என்ற உருளைக்கு மின்னேற்றம் ஏற்றுவது, லேசரால் எழுத்து இருக்கும் இடத்தில் அந்த ஏற்றத்தை அழிப்பது, அழித்த இடத்தில் பவுடர் பிடிப்பது, பவுடரைக் கடதாசிக்கு மாற்றுவது, உருக்குவது, ட்ரம்மில் மிஞ்சியதை பிளேடால் வழித்தெடுப்பது. குறை எந்த இடத்தில் என்று தெரியாமல் பவுடரைத் திட்டிப் பயனில்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். பிரிண்ட் கொடுத்து, கடதாசி பாதி உள்ளே போனதும் முன் கதவைத் திறந்துவிடுங்கள். மோட்டர் நிற்கும். காட்ரிஜ்ஜை வெளியே எடுத்து, கீழ்ப்பக்க மூடியை மெதுவாகத் தூக்கி ட்ரம்மைப் பாருங்கள். பச்சை அல்லது நீல நிற உருளை. பவுடரில் எழுத்து தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரியும். அந்த எழுத்து கறுப்பா வெளிறலா என்று எழுதுங்கள். கடதாசியைத் தொட்ட பிறகும் ட்ரம்மில் எவ்வளவு பவுடர் மிஞ்சியிருக்கிறது என்றும் பாருங்கள். ட்ரம்மில் விரல் படக்கூடாது, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஆராயவும் கூடாது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அடிமட்டம் வைத்து அளந்து சொல்லுங்கள்.

கச்சேரிப் பக்கம்

ஏற்றத்தை "அழிப்பது" என்கிறீர்கள். எனக்கு இதுவரை லேசர்தான் எழுத்தை எரித்து எழுதுகிறது என்ற நினைப்பு. அழித்து எப்படி எழுத்து வரும்?

பௌதிக வாத்தி

ட்ரம் என்பது புவித்தொடுப்பில் இருக்கும் ஓர் அலுமினியக் குழாய். அதன் மேல் மெல்லிய சேதனப் பூச்சு ஒன்று. இருட்டில் அந்தப் பூச்சு காவலி, மின்னைக் கடத்தாது; ஒளி பட்டால் கடத்தி. இந்த ஒரு குணத்தில்தான் முழு இயந்திரமும் நிற்கிறது.

முதலில் ஒரு றப்பர் உருளை ட்ரம்மை உரசிக்கொண்டே சுழன்று, மேற்பரப்பு முழுவதையும் ஏறத்தாழ −600 வோல்ற்றுக்குக் கொண்டுபோகிறது. (பழைய இயந்திரங்களில் உருளைக்குப் பதிலாக உயர் மின்னழுத்தக் கம்பி இருந்தது. பழைய கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு காரமான வாசனை வருமே, அந்தக் கம்பி உண்டாக்கிய ஓசோன் அது.) இருட்டில் பூச்சு காவலி என்பதால் அந்த ஏற்றம் போக வழியில்லாமல் அப்படியே நிற்கும்.

பிறகு லேசர். வேகமாகச் சுழலும் பல முகக் கண்ணாடி ஒன்றில் பட்டுத் தெறித்து, ட்ரம்மின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வரிவரியாக ஓடுகிறது. கறுப்பு வேண்டிய புள்ளியில் எரியும், வெள்ளை வேண்டிய புள்ளியில் அணையும். ஒளி பட்ட இடத்தில் பூச்சுக்குள் ஏற்றக் காவிகள் பிறக்கின்றன. நேரேற்றம் மேலே வந்து மேற்பரப்பின் மறையேற்றத்தை நடுநிலையாக்க, அந்தப் புள்ளி −100 வோல்ற் அளவுக்கு வந்துவிடுகிறது. ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் ஒரு புள்ளியின் அகலம் 0.04 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும். இந்தக் கட்டத்தில் ட்ரம்மைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எழுத்து இருக்கிறது, ஆனால் வோல்ற்றளவில் மட்டும்.

இரண்டாம் முறை ஏஎல்

சேர், இங்கேதான் எனக்குக் குழப்பம். டோனர் துகளும், அதாவது அந்தப் பவுடரும், மறையேற்றம் என்று படித்தேன். ட்ரம் −600, எழுத்து −100. இரண்டுமே மறை. ஒத்த ஏற்றங்கள் தள்ளும் என்றால் டோனர் எழுத்திலும் ஒட்டக்கூடாது அல்லவா?

பௌதிக வாத்தி

நல்ல கேள்வி தம்பி. நீர் மூன்றாவது வோல்ற்றளவை விட்டுவிட்டீர். டோனரைச் சுமந்து வரும் உருளைக்கும் ஒரு மின்னழுத்தம் கொடுத்திருக்கிறார்கள். ஏறத்தாழ −400 என்று வைத்துக்கொள்ளும். இப்போது அந்த உருளையில் நிற்கும் ஒரு டோனர்த் துகளின் பக்கமிருந்து பாரும். எதிரே −600 இருந்தால், அது தன் உருளையைவிட இன்னும் மறை. துகள் பின்னுக்குத் தள்ளப்பட்டு உருளையிலேயே நிற்கும். எதிரே −100 வந்தால், தன் உருளையைவிட 300 வோல்ற் உயர்ந்த அழுத்தம். மறையேற்றம் உயர் அழுத்தத்தை நோக்கிப் போகும், பாயும். குறி நேரா மறையா என்பது இங்கே விஷயமில்லை, வித்தியாசம்தான் விஷயம். தம்பலகாமத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது கடல்மட்டத்திலிருந்து வயல் எத்தனை அடி என்று யாரும் பார்ப்பதில்லை. பக்கத்து வயல் மேட்டிலா பள்ளத்திலா என்றுதான் பார்ப்பார்கள்.

கணக்கும் செய்து பாரும். உருளைக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி 0.3 மில்லிமீற்றர் என்றால், 300 வோல்ற்றை அதால் வகுக்க, மின்புலச் செறிவு மீற்றருக்கு 10 இலட்சம் வோல்ற். துகளின் விட்டம் 5 முதல் 10 மைக்குரோமீற்றர். அந்தப் புலத்தில் அது இடைவெளியைத் தாண்டிக் குதிக்க ஒரு சிரமமும் இல்லை. உண்மையில் இந்த நேரோட்ட அழுத்தத்தோடு ஓர் ஆடலோட்ட அழுத்தத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். துகள்கள் முன்னும் பின்னும் துள்ளி, பிடிப்பில்லாத இடத்திலிருந்து கழன்று திரும்பிவிடும். எழுத்தின் விளிம்பு கூராக வருவது அதனால்தான்.

ஸ்குரூ டிரைவர்

சேர் சொன்னதை வைத்துக்கொண்டே நாங்கள் பாதிக் குறையைப் பிடித்துவிடுவோம். பக்கம் முழுக்கக் கறுப்பாக வந்தால் ஏற்ற உருளை வேலை செய்யவில்லை: −600 ஏறாவிட்டால் முழு ட்ரம்மும் டோனருக்கு எழுத்தாகத்தான் தெரியும். பக்கம் முழுக்க வெள்ளை என்றால் பெரும்பாலும் லேசர் வரவில்லை, அல்லது டோனர் உருளைக்கு அழுத்தம் போகவில்லை. பழைய கொப்பி மெஷினில் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அதில் வெளிச்சம் பட்ட இடம் வெள்ளை, ஏற்றம் நின்ற இடம் கறுப்பு. எல்லாம் தலைகீழ்.

நம்மூருக்கு என்று ஒரு குறையும் உண்டு. கடற்காற்று. காட்ரிஜ்ஜின் பக்கவாட்டில் சின்னச் செம்பு நிறத் தகடுகள் இருக்கும், பிரிண்டருக்குள் அவற்றைத் தொடும் வில் கம்பிகள் இருக்கும். இந்த அழுத்தங்கள் எல்லாம் அவற்றின் வழியாகத்தான் உள்ளே போகின்றன. உப்புக்காற்றில் அதில் பச்சையாகப் பாசி போலப் படியும். உப்புவெளியில் ஒரு கடையில் பக்கம் முழுக்கக் கறுப்பாக வருகிறது என்று புதுக் காட்ரிஜ் வாங்கப் போனார்கள். துணியில் கொஞ்சம் ஐசோபுறொப்பைல் அற்ககோல் விட்டு அந்தக் கம்பியைத் துடைத்தேன், அடுத்த பக்கம் சரி.

கடலோரக் கொமினிகேசன்

அண்ணா சொன்ன சோதனையைச் செய்தேன். ட்ரம்மில் எழுத்து நல்ல கறுப்பு, விளிம்பெல்லாம் தெளிவு. ஆனால் கடதாசியைத் தொட்டுக் கடந்த பகுதியிலும் அதே எழுத்து அப்படியே நிற்கிறது, பாதிக்கு மேல் ட்ரம்மிலேயே. கடதாசியில் சாம்பல் நிழல்தான் இறங்கியிருக்கிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் ஏழரை சென்ரிமீற்றர், பக்கத்தில் நாலு இடத்தில் விழுகிறது.

ஸ்குரூ டிரைவர்

பவுடர் தன் வேலையைச் செய்திருக்கிறது. லேசரும் சரி. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடதாசி எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கடலோரக் கொமினிகேசன்

ஜன்னலுக்குக் கீழே ராக்கையில். ரீமைப் பிரித்தால் வசதிக்காக மேல் உறையைக் கழற்றி எறிந்துவிடுவோம்.

ஸ்குரூ டிரைவர்

அதுதான் கதை. பிரிக்காத புது ரீம் ஒன்றை உடைத்து, உடனே பத்துப் பக்கம் அடித்துப் பாருங்கள். டிரேயில் கிடப்பதை வெளியே எடுத்துவிட்டு.

கின்னியாக்காரன்

ஈரப் பேப்பர் என்றால் சுருளும், ஜாம் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். எழுத்து எப்படி வெளிறும்? பவுடர் ஒட்டவில்லை என்றால் அது பவுடரின் குறைதானே?

பௌதிக வாத்தி

பவுடரைக் கடதாசிக்கு இழுப்பது கடதாசி இல்லை. கடதாசிக்குப் பின்னால் இருக்கும் ஒரு கறுப்புப் பஞ்சு உருளை கடதாசியின் முதுகில் நேரேற்றத்தைக் கொடுக்கிறது. ட்ரம்மில் நிற்கும் மறையேற்றத் துகளை அந்த நேரேற்றம் இழுக்கிறது. இது நடக்க, கொடுத்த ஏற்றம் கொடுத்த இடத்திலேயே நிற்க வேண்டும். உலர்ந்த கடதாசி காவலி, நிற்கும். அச்சுக் கடதாசியில் 4 முதல் 6 வீதம் ஈரம் இருப்பது சாதாரணம், அதற்கேற்றபடிதான் இயந்திரத்தை அமைத்திருக்கிறார்கள். வாடை மாதத்தில் திறந்து கிடக்கும் கடதாசி அதற்கு மேல் குடித்துவிடும். ஈரம் ஏற ஏறக் கடதாசி கடத்தியாகிறது. ஏற்றம் பக்கவாட்டில் பரவி, வழியில் தொடும் உலோகத் தகடுகளால் ஒழுகிப் போய்விடும். இழுக்க ஆளில்லை, பவுடர் ட்ரம்மிலேயே நிற்கிறது. ஈரம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஏறாததால்தான் திட்டுத் திட்டாக வருகிறது.

நிலைமின் பாடத்தை நான் இங்கே மார்கழியில் எடுப்பதில்லை. எபனைற்றுக் கோலை எவ்வளவு தேய்த்தாலும் ஒரு கடதாசித் துண்டு எழும்பாது, பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆடி மாதம் கச்சான் அடிக்கும்போது அதே கோல் துண்டுகளைத் துள்ள வைக்கும்.

ஸ்குரூ டிரைவர்

தேய்த்தால் அழிவதற்கும் காரணம் அதே ஈரம். பியூசர் 180, 200 பாகை வரை போகிறது, ஆனால் கடதாசி அதற்குள் இருப்பது ஒரு கண்மூடல் நேரம். அந்த நேரத்தில் கிடைத்த வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கப் போய்விடும், பவுடர் அரைகுறையாக உருகும். மழைக்காலத்தில் பிரிண்டர் வாயில் லேசாகப் புகை போல வருவதைக் கண்டு பயந்து போன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது நீராவி.

கச்சான் காலத்தில் எதிர்ப்பக்கக் குறை: கடதாசி காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு மூன்றாக உள்ளே போகும். அடுக்கை நன்றாக விசிறிவிட்டு வைத்தால் சரி.

கின்னியா நானா, பவுடரை நான் முழுக்க விடுதலை செய்யவில்லை. "எல்லாக் காட்ரிஜ்ஜுக்கும் ஒரே பவுடர்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நம்பாதீர்கள். எச்பி, கெனன் கறுப்பு வெள்ளையில் பெரும்பாலும் காந்தப் பவுடர். பிளாஸ்டிக்கோடு இரும்பு ஒட்சைட்டும் கலந்தது, உருளைக்குள் இருக்கும் காந்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். பிரதர் போன்றவற்றில் காந்தமில்லாத பவுடர். அதை எச்பி காட்ரிஜ்ஜில் போட்டால் பிடிக்க ஆளில்லாமல் உள்ளே எல்லாம் கொட்டும். கடதாசியில் ஒரு சிட்டிகை பவுடரைப் போட்டு, அடியில் காந்தத்தை நகர்த்திப் பார்த்தால் போதும். காந்தப் பவுடர் முள்ளு முள்ளாக எழுந்து காந்தத்தோடு நகரும். மற்றது அசையாது.

உடுப்பில் கொட்டினால் தட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். சுடுதண்ணீர் விட்டால் உருகிப் பிடித்துவிடும். வாயால் ஊதவே வேண்டாம்.

இரண்டாம் முறை ஏஎல்

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது சேர்? ஏற்றம், ஒளி, பவுடர், சூடு எல்லாவற்றையும் ஒரே ஆளா சேர்த்தார்?

பௌதிக வாத்தி

செஸ்டர் கார்ல்சன். பௌதிகவியல் படித்துவிட்டு நியூயோர்க்கில் ஒரு கம்பனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆவணங்களுக்குப் பிரதி எடுத்தே களைத்துப்போனார், போதாததற்கு மூட்டுவாதம். 1938 ஒக்டோபர் 22 அன்று அஸ்டோரியாவில் ஒரு வாடகை அறையில், உதவியாளர் ஓட்டோ கோர்னையோடு செய்துகாட்டினார். நாகத் தகட்டில் கந்தகப் பூச்சு. அதைத் துணியால் தேய்த்து ஏற்றினார்கள். கண்ணாடித் தகடொன்றில் மையால் "10-22-38 அஸ்டோரியா" என்று எழுதி, மேலே வைத்து, பிரகாசமான விளக்கு பிடித்தார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு லைகோபோடியம் வித்துத்தூளைத் தூவி, மிஞ்சியதை ஊதிவிட, எழுத்து தெரிந்தது. மெழுகுக் கடதாசியை அழுத்திச் சூடாக்கி அதில் எடுத்துக்கொண்டார்கள். இன்றைய பெட்டிக்குள் நடக்கும் அத்தனையும் அந்த அறையில் இருந்தது, லேசர் ஒன்றைத் தவிர.

ஐபிஎம் உட்படப் பெரிய கம்பனிகள் வேண்டாம் என்றன. 1944 இல் பட்டெல் ஆய்வு நிறுவனம் கையிலெடுத்த பிறகு கந்தகத்தின் இடத்துக்கு செலீனியம் வந்தது. பிறகு ஹாலொயிட் என்ற சிறிய கம்பனி உரிமம் வாங்கி, 1959 இல் 914 என்ற கொப்பி மெஷினை இறக்கியது. அந்தக் கம்பனிதான் ஸெரொக்ஸ். விளக்குக்குப் பதில் லேசரைப் போடலாம் என்று அங்கேயே வாதாடியவர் கேரி ஸ்டார்க்வெதர். மேலதிகாரிகள் விரும்பாததால் 1971 இல் கலிபோர்னியாவில் இருந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வுகூடத்துக்கு மாறிப் போய்ச் செய்து முடித்தார். மேசையில் வைக்கிற அளவு மெஷினைப் பரவலாக்கியது 1984 இல் வந்த எச்பி லேசர்ஜெட், உள்ளே கெனன் இயந்திரம். நிமிடத்துக்கு 8 பக்கம்.

கந்தகத்தை வீட்டில் உருக்கிப் பார்க்க வேண்டாம். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

கடலோரக் கொமினிகேசன்

புது ரீம் உடைத்துப் போட்டேன். முதல் பக்கத்திலிருந்தே கறுப்பு, தேய்த்தாலும் அசையவில்லை. ஜன்னலடி ரீமைத் திரும்ப வைத்தால் பழையபடி சாம்பல். ரீபில்காரரிடம் இனிச் சண்டைக்குப் போக முடியாது. ஆனால் புள்ளி மட்டும் புதுக் கடதாசியிலும் விழுகிறது.

ஸ்குரூ டிரைவர்

புள்ளி ட்ரம்மில். உங்கள் காட்ரிஜ்ஜில் ட்ரம் 24 மில்லிமீற்றர் விட்டம், சுற்றளவு 75. ஏ4 நீளம் 297, ஆகவே ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ நாலு சுற்று, நாலு புள்ளி. ரீபில் செய்யும்போது ஏதோ கூராகப் பட்டுப் பூச்சு போயிருக்கும், அந்த இடத்தில் ஏற்றம் நிற்காது. துடைத்துப் போகாது, ட்ரம்மை மட்டும் மாற்றலாம், முழுக் காட்ரிஜ் தேவையில்லை. மாற்றும்போது வழித்த பவுடர் சேரும் அறையையும் வெறுமையாக்கச் சொல்லுங்கள். இத்தனை நாள் பாதிப் பவுடர் அங்கேதான் போயிருக்கிறது.

ஜன்னலடி ரீமை எறிய வேண்டாம். செட்டிங்கில் பேப்பர் வகையைத் தடித்த பேப்பர் என்று மாற்றினால் பியூசர் கூடுதலாகச் சூடு கொடுக்கும், தேய்த்து அழிவது குறையும். வெளிறல் அதனால் மாறாது, கடைக் கணக்கு அடிக்கப் பாவியுங்கள்.

கின்னியாக்காரன்

பேப்பர் அலுமாரிக்குள் ஒரு பல்ப் எரிய விட்டால் என்ன? எங்கள் பக்கம் கெமராவை அப்படித்தான் வைக்கிறார்கள்.

ஸ்குரூ டிரைவர்

எல்ஈடி பல்ப் என்றால் வெளிச்சம்தான் மிச்சம், சூடு போதாது. பழைய இழை பல்ப் என்றால் கடதாசிக்குப் பக்கத்தில் இரவு முழுக்க எரிய விட எனக்குத் துணிவில்லை நானா. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். ரீம் உறையின் உட்பக்கம் ஈரம் புகாத பூச்சு உண்டு, அதைக் கிழித்து எறியாமல் தேவையானதை மட்டும் உருவிக்கொண்டு மடித்து வையுங்கள். கடை பூட்டும்போது டிரேயில் மிஞ்சியதையும் பெட்டிக்குள் போடுங்கள்.

இன்னொன்று தம்பி, பிரிண்டரைக் கம்பியூட்டரின் யூபிஎஸ்ஸில் செருகியிருந்தால் கழற்றிச் சுவரில் செருகுங்கள். பியூசர் சூடேறும்போது ஆயிரம் வாட்டுக்குக் கிட்ட இழுக்கும், சின்ன யூபிஎஸ் தாங்காது.

கடலோரக் கொமினிகேசன்

யூபிஎஸ்ஸில்தான் இருக்கிறது. அடிக்கடி கத்துவது அதனால்தானா! இப்பவே கழற்றுகிறேன். ட்ரம் 3ம் கட்டையில் ஒரு கடையில் இருக்கிறதாம், மழை விட்டதும் போகிறேன்.